கல் துப்பாக்கிக்காரி

தூறல் விழுந்தாலும் பனி விழுந்தாலும் ஓர்ஃபா ஷைவ்லி கையில் இருப்பதை இடது கக்கத்தில் இடுக்கிக்கொள்வாள். ரொட்டியாக இருக்கட்டும், தபாலாபீசில் வாங்கிய பார்சலாக இருக்கட்டும், சர்ச்சுப் பாட்டுப் புத்தகமாக இருக்கட்டும், எல்லாம் கக்கத்துக்குள் போய்விடும். ஒருமுறை குடையையே மடக்கி இடுக்கிக்கொண்டு தெரு முழுக்க நனைந்துகொண்டு நடந்தாள்.

"ஓர்ஃபா, பாத்தும்மா, குடை நனைஞ்சிடப் போகுது!" என்று பெட்ரோல் பங்கிலிருந்து அவள் கணவனின் அண்ணன் ஹார்லன் கத்தினார். பங்கில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் குடையை விரிக்கவில்லை.

கல் துப்பாக்கி தூக்குகிறவர்களுக்கு வருகிற பழக்கம் அது. அதில் சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்க வேண்டும். பொறி வெளியே இருக்கிற சின்னக் கிண்ணத்து வெடிமருந்தில் விழ வேண்டும். அங்கே பற்றிய நெருப்பு ஒரு துளை வழியாக உள்ளே போய்த்தான் குண்டைத் தள்ளும். கிண்ணத்து மருந்து நனைந்தால் எல்லாம் வீண். அதனால் ஈரத்தில் நடக்கும்போது அந்த இடத்தைக் கக்கத்தில் பொத்திக்கொண்டு நடப்பார்கள். ஓர்ஃபா இருபது வருஷத்துக்கு மேல் அப்படி நடந்தவள். கணவன் டெல்மர் மற்ற ஆண்களோடு மலைக்குப் போயிருக்கும் நாட்களில், வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்னக் காட்டில் அவனுடைய பழைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவள் தனியாக வேட்டையாடுவாள். மானும் அடித்திருக்கிறாள். அதைப் பெரிதாக யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு?

அவளுடைய வேலை மான் வெட்டுகிற கடையில். பென்சில்வேனியாவின் அந்த மலைப்பக்கத்தில் இலையுதிர் காலம் வந்துவிட்டால் ஊரில் பாதிப் பேர் அடித்த மானைக் கொண்டுவந்து அந்தக் கடையில்தான் போடுவார்கள். தோல் உரித்து, எலும்பு நீக்கி, தொடையைத் தனியாகக் கட்டி, மிச்சத்தை அரைத்து வளைய சாசேஜ் செய்து கொடுக்க வேண்டும். குளிர்ந்த இறைச்சியிலேயே கை வைத்து வைத்து ஓர்ஃபாவின் விரல் நுனிகளில் உணர்ச்சி பாதி போய்விட்டது. சட்டைப் பித்தானைக்கூடப் பார்த்துத்தான் போடுவாள்.

மலையில் கரடிப்பள்ளம் என்ற இடத்தில் ஆண்களின் வேட்டைக் குடில் ஒன்று உண்டு. ஒரே பெரிய அறை, ஒரு விறகு அடுப்பு, சுவரோரமாக அடுக்குக் கட்டில்கள். ஆளுக்கு ஒரு கட்டில், அவ்வளவுதான் உறுப்பினர்கள். அப்பாவிடமிருந்து மகனுக்கு, மாமனிடமிருந்து மருமகனுக்கு என்று அந்தக் கட்டில்கள் கைமாறும். ஓர்ஃபா முப்பது வருஷமாக ஒவ்வொரு வேட்டைக் காலத்திலும் பாட்பை என்கிற, மாவுத் துண்டுகள் போட்டு வேகவைத்த கோழிக் குழம்பைப் பெரிய பாத்திரத்தில் கொண்டுபோய் அந்தக் குடிலின் படியில் நின்று கொடுத்துவிட்டு வருவாள். பாத்திரத்தை வாங்குகிறவனின் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்ப்பாள். சுவர் முழுக்கச் சட்டைத் துணி கிழிசல்கள் ஆணியடித்துத் தொங்கும். மானைச் சுட்டுத் தவறவிட்டவனின் சட்டைப் பின்வாலைக் கத்தரித்து, பெயரும் வருஷமும் எழுதி மாட்டுவது அங்கே வழக்கம். சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். டெல்மரின் பெயர் நாலைந்து இடத்தில் தெரியும்.

"உள்ள வந்து சூடா ஒரு காபி குடிச்சிட்டுப் போயேன்," என்று யாராவது சொல்வார்கள். போவாள். குடித்ததும் எழுந்து வந்துவிடுவாள். விருந்தாளி எவ்வளவு நேரம் உட்காரலாம் என்று அவளுக்குத் தெரியும்.

டெல்மர் மரத்தில் கட்டிய மறைவிடத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட வருஷம், அவனுடைய கட்டில் காலியாயிற்று. இனி மலை ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோடையில் குடிலின் ஆட்கள் கூடிப் பேசினார்கள். தலைவர் ஹார்லன்தான். டெல்மர் வீட்டில் யாராவது வரலாம், ஆனால் வழக்கப்படி அவர் அந்த வருஷமே, புத்தாண்டு விருந்துக்கு முன்னால், கரடிப்பள்ளத்து மலையில், குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற துப்பாக்கியால் ஒரு மான் அடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் கட்டில் அடுத்துக் காத்திருக்கிற குழாய் வேலைக்காரன் க்ளேர் பிட்னருக்கு.

"எங்க தங்கச்சி மகனைக் கேட்டுப் பாக்கறேன்," என்றான் டெல்மர், சமையலறை மேசை முன்னால் உட்கார்ந்துகொண்டு.

"அவனுக்கு மானுக்கும் ஆட்டுக்கும் வித்தியாசம் தெரியாது," என்றார் முடிவைச் சொல்ல வந்திருந்த ஹார்லன்.

ஓர்ஃபா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "நான் வரேன்."

தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். கன்னம் இரண்டும் சூடாகியிருந்தது அவளுக்கே தெரிந்தது.

"எங்க வர?" என்றான் டெல்மர்.

"குடிலுக்கு. உன் கட்டிலுக்கு."

ஹார்லன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "பொம்பளை வரக் கூடாதுன்னு எங்கயும் எழுதி வைக்கல," என்றார் மெதுவாக. "யாரும் கேட்டதில்ல, அதான் எழுதல." பிறகு சிரித்துவிட்டார். "சரி. எல்லாருக்கும் என்ன வழக்கமோ அதுதான் உனக்கும்."

அடுத்த வாரமே அவர் தன்னுடைய கேப்புத் துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதில் கல்லும் இல்லை, கிண்ணமும் இல்லை. பட்டாணி அளவு செம்புக் கேப்பு ஒன்றைப் பொருத்தினால் போதும், விசையை அழுத்திய மறுகணம் வெடிக்கும்.

"இதை எடுத்துட்டுப் போ. சட்டப்படி அக்டோபர்ல ஒரு வாரம் கேப்பு செல்லும். குளிர் கிடையாது, மானும் நிறைய. ஒண்ணை அடி, கட்டில் உனக்கு. கிறிஸ்துமஸுக்கு அப்புறம்னா கல் துப்பாக்கி மட்டும்தான், கேப்பு செல்லாது. அதுவரைக்கும் காத்திருந்து என்ன செய்யப் போற?"

"நல்ல துப்பாக்கி," என்றாள் ஓர்ஃபா. கையில் எடுத்துப் பார்த்தாள். பொய் சொல்லவில்லை. பின்கட்டுக்குப் போய்ச் சுட்டும் பார்த்தாள். குறி வைத்த இடத்தில் போய்க் குண்டு விழுந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் கேப்பைப் பொருத்துவதற்குள் ஒன்றிரண்டு புல்லில் விழுந்துவிட்டது. அந்தச் சின்னஞ்சிறு செம்புத் துண்டு விரலுக்கு நடுவில் இருக்கிறதா இல்லையா என்றே அவளுக்குத் தெரியவில்லை. டெல்மரின் கல் துப்பாக்கியில் அந்தத் தொல்லை கிடையாது. மருந்து அடைத்த கொம்பைச் சாய்த்தால் கிண்ணத்தில் கொட்டும், மூடியைச் சாத்தினால் ஆயிற்று.

இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் வெளியே சொல்லவில்லை. குடிலின் சொந்த வாரம் கிறிஸ்துமஸுக்கு அடுத்த வாரம்தான். அடுப்பு எரிவதும், கட்டில்கள் நிறைவதும், சுவரில் வால் ஏறுவதும் அப்போதுதான். அக்டோபரில் ஒன்றை அடித்துவிட்டு உள்ளே போனால், அவளைப் பற்றி எப்போது பேசினாலும் 'அக்டோபர்ல வந்தவ' என்று ஒரு வார்த்தை கூடவே வரும். ஆண்கள் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்ல மாட்டார்கள். ஆனாலும் சொல்வார்கள்.

துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு ஹார்லனிடம் திருப்பிக் கொடுத்தாள். "நான் கல்லுலயே பாத்துக்கறேன்."

"உனக்கு என்ன கிறுக்கா?" என்றான் டெல்மர் அன்று சாப்பிடும்போது. "கல்லுல நெருப்புப் பிடிக்கும்னு என்ன நிச்சயம்? எத்தனை தடவை எனக்கே 'புஸ்'ஸுனு போயி, மானும் நானும் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சிக்கிட்டு நின்னிருக்கோம். அந்தக் கட்டில் எங்கப்பா கட்டில், ஓர்ஃபா."

"தெரியும்."

"அப்புறம் ஏன் கையில இருக்கறதை விடற?"

அவள் உருளைக்கிழங்கை அவன் பக்கம் தள்ளி வைத்தாள். அக்டோபர் வாரம் முழுக்க அவள் கடையில் மான் வெட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அடித்தது. வாரம் முடிந்தபோது டெல்மர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஹார்லன் கடைக்கு வந்து சாசேஜ் வாங்கும்போது, "பிட்னர்கிட்ட போர்வையைத் துவைச்சி வச்சிக்கச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டார்.

"இப்போதைக்கு நனைச்சி மட்டும் வைக்கச் சொல்லுங்க," என்றாள் ஓர்ஃபா. கல்லாவில் நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளிலிருந்து விடிவதற்கு முன்பே வண்டி ஓட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். உறுப்பினர் ஆகாதவர்கள் குடிலில் தூங்க முடியாது. முதல் நாள் மழை. அடுத்த நாள் தொலைவில் ஓடுகிற மான்களின் வால்களை மட்டும் பார்த்தாள். அதற்கடுத்து ஒரு பெண்மான் வாகாக நின்றது, விசையை அழுத்தினாள், பொறியே பறக்கவில்லை. கல்லின் முனை மழுங்கியிருந்தது. கல்லை மாற்றிப் போட்டு, அதைச் சுற்றித் தோல்துண்டை இறுக்கிக் கட்டினாள். டெல்மர் ஒவ்வொரு மாலையும் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு ஜன்னலில் உட்கார்ந்திருப்பான். வண்டியின் பின்புறத்தைப் பார்ப்பான். எதுவும் கேட்க மாட்டான்.

வருஷத்தின் கடைசி நாள் வந்தது. பொழுது சாய்வதற்குள் முடிந்தாக வேண்டும்.

காலையில் மெல்லிய பனி விழுந்துகொண்டிருந்தது. ஹெம்லாக் மரங்களுக்குக் கீழே அவள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மூன்று பெண்மான்கள் சரிவில் இறங்கி வந்தன. கடைசியில் வந்தது நின்று தலையைத் திருப்பியது. பனியில் மருந்து நமுத்திருக்குமோ என்ற பயத்தில் ஓர்ஃபா கிண்ணத்தில் இருந்ததை ஊதித் தள்ளிவிட்டுப் புதிதாகக் கொட்டினாள். கொஞ்சம் கொட்டினால் போதாதென்று நிறையக் கொட்டினாள். மூடினாள், குறி பார்த்தாள், அழுத்தினாள்.

கிண்ணம் நிறைந்திருந்தால் நெருப்பு ஒரேயடியாக உள்ளே பாயாது. திரி எரிவது போல எரிந்து எரிந்துதான் போகும். கிண்ணத்தில் வெளிச்சம் வந்தது, வெடி வரவில்லை. என்ன ஆயிற்று என்று அவள் கன்னத்தைத் தூக்கிய அந்த நொடியில் வெடித்தது. புகை கலைந்தபோது சரிவில் ஒன்றுமில்லை.

மான் நின்ற இடத்துக்குப் போய் மண்டி போட்டுத் தேடினாள். ரத்தம் இல்லை, ஒரு மயிர்கூட இல்லை. பின்னால் இருந்த பீச் மரத்தில் புதிய ஓட்டை தெரிந்தது. அதில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு குடிலை நோக்கி நடந்தாள்.

ஆண்கள் மதியச் சூப்புக்கு வந்திருந்தார்கள். எல்லாரும் வெடிச் சத்தத்தைக் கேட்டிருந்தார்கள். ஹார்லன் வாசலிலேயே நின்றார்.

"விழுந்துச்சா?"

"இல்ல. தவறிடுச்சு."

"கிளை ஏதும் குறுக்க வந்துச்சா? பனியில சில சமயம் தெரியாது."

அவர் வழி விட்டுக் கொடுக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. கிளை என்று சொல்லிவிட்டால் போதும், எல்லாரும் தலையாட்டுவார்கள். "கிளை இல்ல," என்றாள். "கிண்ணத்துல மருந்தை அள்ளிக் கொட்டிட்டேன். தாமதமாச்சு. தலையைத் தூக்கிட்டேன்."

மூலையில் இருந்து ஐரா என்ற வயசாளி இருமலும் சிரிப்புமாக ஆரம்பித்தார். "இந்தச் சுவருல பாதி வால் அந்த அள்ளிக் கொட்டினதுக்குத்தான்மா போயிருக்கு. என்னோடதும் அதுல ரெண்டு."

ஓர்ஃபா கோட்டைத் திறந்து, காற்சட்டைக்குள் செருகியிருந்த சட்டையின் பின்வாலை வெளியே இழுத்தாள். திரும்பி நின்றாள். "வெட்டுங்க."

ஹார்லன் கழுத்தைத் தடவினார். "அது மெம்பர்களுக்கு மட்டும்தான், ஓர்ஃபா. விருந்தாளிங்க சட்டையை நாங்க தொடறதில்ல."

"எல்லாருக்கும் என்ன வழக்கமோ அதுதான் எனக்கும்னு சொன்னது நீங்கதான். மான் அடிக்கற வழக்கம் மட்டும் எனக்கு, தவறவிட்டா வேற வழக்கமா?"

"அவ சொல்றது சரிதானப்பா," என்றார் ஐரா. "கத்திரி எங்க வச்சீங்க?"

ஹார்லன் கத்திரியை எடுத்துக்கொண்டு வந்தவர் சட்டையைப் பார்த்து நின்றுவிட்டார். "இது டெல்மரோட சட்டையில்ல?"

"ஆமா. அவர் சட்டையில எல்லாத்துலயும் வால் போயிடுச்சு. வால் இருக்கற ஒண்ணைத் தேடி எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

குடிலே அதிர்ந்தது. ஐராவுக்குச் சூப்பு மூக்கில் ஏறிவிட்டது. ஹார்லன் கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தரித்தார். அவள் பெயரையும் வருஷத்தையும் எழுதினார். ஆணியையும் சுத்தியலையும் ஓர்ஃபா அவர் கையிலிருந்து வாங்கித் தானே அடித்தாள். அடித்து முடித்ததும் சட்டையை உள்ளே செருகப் பார்த்தாள், செருகுவதற்கு ஒன்றுமில்லை.

"சூப்பு குடிச்சிட்டுப் போ," என்றார் ஹார்லன்.

"வெளிச்சம் போயிடும்," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

பனி நின்றிருந்தது. முதுகில் குளிர்ந்த காற்று நேராக ஏறியது. மான்களின் தடம் லாரல் புதருக்குள் போய் மறைந்தது. பின்தொடர்ந்து போய்க் கலைக்கக் கூடாது. யாரோ எப்போதோ குடியிருந்து இடிந்துபோன வீடு ஒன்றின் அருகே நாலு ஆப்பிள் மரங்கள் இருந்தன. பொழுது சாயும்போது பசித்த மான் அங்கேதான் வரும், உறைந்த ஆப்பிள்களைத் தோண்டித் தின்ன. காற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போய் இடிந்த சுவரின் பின்னால் மண்டி போட்டாள்.

குழலில் மறுபடி மருந்தும் குண்டும் கெட்டித்தாள். இறகுத் தண்டால் துளையைக் குத்திச் சுத்தம் செய்தாள். கல்லையும் இரும்பையும் கட்டைவிரலால் துடைத்தாள். கிண்ணத்தில் இம்முறை மருந்தைக் கொஞ்சமாக, பாதிக்கும் குறைவாகப் போட்டாள். கை சும்மா இருக்கவில்லை, இன்னும் கொஞ்சம் போடு, இன்னும் கொஞ்சம் போடு என்றது. கொம்பின் வாயை அடைத்து முதுகுப் பக்கம் தள்ளிவிட்டாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது ஒரு பெண்மான் மட்டும் வந்தது. பெரியது. முன்னங்காலால் பனியைச் சுரண்டியது. ஓர்ஃபா கன்னத்தைக் கட்டையில் அழுத்தினாள். விசையை அழுத்தினாள். கண்ணுக்கு முன்னால் நெருப்பு மின்னியது, அவள் அசையவில்லை. வெடித்தது. வெள்ளைப் புகை எல்லாவற்றையும் மறைத்தது. அப்போதும் அவள் அசையவில்லை. புகை மெல்ல மெல்லக் கிழிந்து விலகியபோது மான் ஆப்பிள் மரத்தடியில் கிடந்தது.

போய்த் தொட்டுப் பார்த்தாள். குண்டு தோளுக்குச் சற்றுப் பின்னால், அவள் நினைத்த இடத்திலேயே போயிருந்தது. கடை மேசையில் மற்றவர்கள் அடித்த மானை வெட்டும்போது எப்போதாவது பார்த்து, 'இதை அடிச்சவன் யாரு?' என்று அவளையே கேட்க வைத்த அதே மாதிரி அடி. கொஞ்ச நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். முகம் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க யாருமில்லாததால் அப்படியே விட்டுவிட்டாள்.

வயிற்றைத் திறந்து சுத்தம் செய்து, காலில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் ஹார்லன் டார்ச்சோடு எதிரே வந்தார். சத்தம் கேட்டதுமே கிளம்பியிருக்க வேண்டும்.

"கயித்தைக் குடு."

"இதை நான் இழுத்துக்கறேன். நீங்க துப்பாக்கியைப் பிடிங்க."

அவர் வாங்கிக்கொண்டார். "கேப்பா இருந்தா காலைலயே முடிஞ்சிருக்கும்," என்றார் ஹார்லன், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

"அக்டோபர்லயே முடிஞ்சிருக்கும்," என்றாள் ஓர்ஃபா.

வீட்டுக்குப் போனபோது டெல்மர் ஜன்னலில் இல்லை. வண்டிச் சத்தம் கேட்டதும் ஊன்றுகோலோடு வாசலுக்கே வந்து பனியில் நின்றான். வண்டியின் பின்புறத்தில் டார்ச் அடித்துப் பார்த்தான். பிறகு அவள் முதுகைப் பார்த்தான், கத்தரித்த சட்டையைப் பார்த்தான்.

"ரெண்டும் ஒரே நாள்லயா?" என்றான்.

"ரெண்டும்."

"என் சட்டை." அவ்வளவுதான் சொன்னான். ஆனால் மறுநாள் புத்தாண்டு விருந்துக்கு அவனை ஹார்லன் வண்டியில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோனபோது, பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோசும் பரிமாறி முடிப்பதற்குள் அந்தக் கதையை அவன் மூன்று தடவை சொல்லிவிட்டான். மூன்றாவது தடவை பனி இடுப்பளவு ஆகியிருந்தது, மானும் இன்னும் கொஞ்சம் பெருத்திருந்தது. ஓர்ஃபா திருத்தவில்லை. அவள் மேசை முன்னால், இரண்டு ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த அறையில் அவள் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்காத முதல் விருந்து அதுதான். பாட்பை இல்லையே என்று ஒருவன் முணுமுணுத்தான்.

"நீயே கத்துக்கோ," என்றார் ஐரா.

இப்போது ஓர்ஃபாவுக்கு அறுபதாகப் போகிறது. கடை வேலையை விடவில்லை, அரைக்கிற இயந்திரத்தை மட்டும் இளையவர்களிடம் கொடுத்துவிட்டாள். ஐரா இறந்த பிறகு அவருடைய கட்டிலுக்கு க்ளேர் பிட்னர் வந்தான். நல்ல ஆள், குறட்டைதான் அதிகம். அக்டோபர் வாரத்தில் சில வருஷம் அவள் ஹார்லனிடம் கேப்புத் துப்பாக்கியை இரவல் வாங்கிக்கொண்டு போவாள், கேப்பைப் பொருத்த அவர் கூடவே வருவார், வீட்டுக்கு இறைச்சி ஆகும். கிறிஸ்துமஸுக்கு அடுத்த வாரம் டெல்மரின் கல் துப்பாக்கிதான். கரடிப்பள்ளத்துக் குடிலில் கதவோரத்துக் கீழ்க்கட்டில் அவளுடையது.